நல்லூர்ச் சுவாமியாரும் நம் ஊர்ச் சரித்திரமும்



இந்த வாரப் பாடத்துக்கு ஒரு குருவானவருடைய சீவியத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் வேதசாட்சியல்ல. பீடத்தில் சுரூபம் வைத்து வணங்கப்படும் அர்ச்சியசிஷ்டருமல்ல. மற்றக் குருக்களைப் போலப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஊர் ஊராய்ப் போய் வேதம் போதித்தார். மீதி நேரத்தில் பழைய ஏடுகளையும் செப்புக் காசுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, தம் நாட்டில் முன்னே நடந்தது என்ன என்று தேடினார். அவரே சங். ஞானப்பிரகாச சுவாமியார். யாழ்ப்பாணத்து நல்லூர் அவருடைய இருப்பிடமானபடியால், ‘நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர்’ என்றே சனங்கள் அவரை அழைத்தார்கள்.

“குருவானவருக்குப் பழங்காசு எதற்கு? அந்த நேரத்தில் நாலு வீடு சந்திக்கலாமே!” என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு மறுமொழி சொல்வதே இந்தப் பாடம்.

1. சரித்திரம் தேடுவது வேதத்துக்கு அந்நியமா?

அந்நியமல்ல. நாம் தினமும் சொல்லும் விசுவாச மந்திரத்தில் போஞ்சு பிலாத்து என்ற ஒரு ரோம அதிகாரியின் பெயர் வருகிறது. அவன் நமக்கு என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனாலும் நம் இரட்சகர் பாடுபட்டது ஏதோ ஒரு காலத்தில், எங்கோ ஓரிடத்தில் என்று சொல்லும் கட்டுக்கதையல்ல, இன்ன நாட்டில், இன்ன அதிகாரியின் நாளில் நடந்த காரியம் என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி. அர்ச். லூக்காஸ் தம் சுவிசேஷத்தைத் தொடங்கும்போது, கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதைத் தாம் அடிமுதல் கவனமாய் விசாரித்து, வரிசைப்படி எழுதுவதாகவே சொல்லுகிறார். கேட்டார், விசாரித்தார், அதன்பின் எழுதினார். சரித்திரக்காரனுடைய வேலையும் இதுதானே?

திருச்சபையும் இந்த வேலையைக் குருக்களின் தலையில் சுமத்தியிருக்கிறது. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ம் ஆண்டில், ஒவ்வொரு பங்குக்குருவும் கலியாணப் புத்தகம் வைத்து மணமக்கள் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் எழுதவேண்டுமென்று கட்டளையிட்டது. ஞானஸ்நானத்துக்கும் பெயர் எழுதும் ஒழுங்கு செய்தது. அரசனின் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். கூலிக்காரன் பிள்ளையின் பெயரை எழுதி வைத்தது யார்? பங்குக்கோவில் புத்தகம்தான்.

பாப்பரசர் 13-ம் சிங்கராயர் வத்திக்கான் பழஞ்சுவடிச் சாலையை ஆராய்ச்சிக்காரருக்குத் திறந்துவிட்டார். 1883-ல் எழுதிய நிருபமொன்றில், சரித்திரம் எழுதுகிறவன் பொய் சொல்லத் துணியவும் கூடாது, மெய் சொல்ல அஞ்சவும் கூடாது என்ற பழைய விதியை நினைப்பூட்டினார். பொய் சொல்லாதிருப்பது நம்மில் அநேகருக்கு முடியும். மெய் சொல்ல அஞ்சாதிருப்பதுதான் கடினம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2. இந்தச் சுவாமியார் யார்?

1875-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். சிறுவயதிலேயே தகப்பனார் இறந்துபோனார். தாயார் தங்கமுத்து அம்மாள் பின்னர் அச்சுவேலி தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மணந்தார். அந்த வீட்டில் சிறுவன் ஞானஸ்நானம் பெற்றான். ஞானப்பிரகாசியார் என்பது அர்ச். அலோசியுஸ் கொன்சாகாவுக்கு நம் முன்னோர் வைத்த தமிழ்ப் பெயர் என்று பெரியவர்களுக்குத் தெரியும். தம்பிமுத்துப்பிள்ளை அச்சுக்கூடம் நடத்தியவர். ஆகையால் பையன் ஏட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே வளர்ந்தான்.

வாலிபனானபோது இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்நாளில் அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று சொல்லவேண்டியதில்லை. அதை விட்டுவிட்டுக் குருமடம் சேர்ந்தார். அமலமரித் தியாகிகள் சபையில் உட்பட்டு, 1901 டிசம்பர் 1-ந் தேதி குருப்பட்டம் பெற்றார். அது முதல் 1947 சனவரி 22-ந் தேதி பரகதியடையும் வரைக்கும், ஏறக்குறைய 45 வருஷம், வேதபோதகமும் ஆராய்ச்சியும் அவருக்கு இரண்டு கைகளாய் இருந்தன.

அவருக்கு 72 மொழிகள் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள். எண்ணிக்கை எதுவானாலும், தமிழ், சமஸ்கிருதம், சிங்களம், பாளி, போர்த்துக்கேயம், இலத்தீன் முதலிய எந்த மொழியில் தம் ஊர்ச் செய்தி எழுதியிருந்தாலும் அதைப் போய்ப் பார்க்கும் மனது அவருக்கு இருந்தது. அதுதான் நமக்கு முக்கியம்.

3. காசு சொன்ன சாட்சி

யாழ்ப்பாணத்தில் பூமியைக் கிளறும்போது சிறு செப்புக் காசுகள் அகப்படும். ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் எருது, அதன் கீழ் ‘சேது’ என்ற தமிழ் எழுத்து. சேது என்றாலே நம் நாட்டாருக்கு இராமேசுவரமும் இராமநாதபுரமும்தான் நினைவுக்கு வரும். ஆகவே இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகளென்று முன்னே சிலர் எண்ணினார்கள். யாழ்ப்பாணத்து அரசருக்குச் சொந்தக் காசு இருந்ததென்பதே மறந்துபோயிற்று.

சுவாமியார் 1920-ல் மறக்கப்பட்ட யாழ்ப்பாண அரசர் நாணயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, இவை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுடைய காசுகளென்று காட்டினார். அதற்குத் துணையாய் ஒரு கல்லும் நிற்கிறது. இலங்கையின் கேகாலைப் பகுதியில் கொட்டகம என்ற ஊரில் அந்த அரசரின் வெற்றியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. அதிலும் ‘சேது’ என்ற சொல் மங்கலச் சொல்லாகப் பொறித்திருக்கிறது. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால் வழக்கு நிற்கும் என்று வேதமும் சொல்லுகிறதன்றோ? ஒரு சிறு பிள்ளை மண்ணில் பொறுக்கி, கடைக்காரன் எடைக்குப் போட்டு உருக்கியிருக்கக் கூடிய காசு, ஓர் இராச்சியத்துக்குச் சாட்சியாயிற்று.

4. ஒரு சங்கிலியா, இரண்டா?

யாழ்ப்பாணத்துக்குப் பழைய சரித்திர நூலொன்று உண்டு. ‘யாழ்ப்பாண வைபவமாலை’ என்பது அதன் பெயர். ஒல்லாந்தர் காலத்தில், 18-ம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதியது. சனங்கள் அதை மிகவும் மதித்தார்கள். சுவாமியாரும் மதித்தார். மதித்தபடியால்தான் வரிவரியாய்ச் சோதித்தார். 1928-ல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்ற நூலை வெளியிட்டார்.

அந்த மாலையில் சங்கிலி என்ற அரசன் வருகிறான். மன்னாரில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கான வேதக்காரரை வெட்டுவித்தவன் அவனே, கடைசியில் போர்த்துக்கேயரிடம் இராச்சியத்தை இழந்தவனும் அவனே என்பது கதை. இப்போது கணக்குப் பார்ப்போம். மன்னார் வேதசாட்சிகள் உயிர் கொடுத்தது 1544-ல். அர்ச். சவேரியார் காலத்து நிருபங்களில் இதன் செய்தி இருக்கிறது. போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619-ல். இடையில் 75 வருஷம்! முன்னதில் ஆண்டவனே பின்னதிலும் ஆண்டிருக்க முடியுமா? முடியாது. சங்கிலி என்ற பெயருடையவர் இருவர். நடுவே வேறு அரசர்களும் ஆண்டார்கள். அவர்களில் ஒருவரான எதிர்மன்னசிங்கனை 1591-ல் போர்த்துக்கேயரே சிங்காசனத்தில் வைத்தார்கள். இந்த அரசர்களின் வரிசையைப் போர்த்துக்கேய எழுத்துக்களோடு ஒப்பிட்டு, 1920-லேயே ஆங்கிலத்தில் தனி நூலாகச் சுவாமியார் எழுதினார்.

இதனால் நமக்கு என்ன? இரண்டு மனிதரை ஒருவராக்கினால், ஒருவன் செய்த கொலை மற்றவன் தலையில் ஏறும். செத்தவனைப் பற்றியும் பொய்ச்சாட்சி சொல்லலாகாது. எட்டாம் கற்பனைக்குக் கல்லறையோடு காலாவதி இல்லை.

5. கசக்கும் மெய்

நல்லூரில் வாழும் கத்தோலிக்கக் குருவுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அந்த ஊர் அரசரின் தலைநகரமாயிருந்தது. அங்கிருந்த கந்தசாமி கோவிலைப் போர்த்துக்கேயர் 1621-ல் இடித்தார்கள். இடித்தவர்கள் நம் வேதத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். மன்னாரில் நம்மவர் சிந்திய இரத்தத்தைச் சொல்ல நமக்கு ஆசையுண்டு. நல்லூரில் நம்மவர் இடித்த கோவிலைச் சொல்ல நா எழுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே நாட்டின் கணக்கில் எழுதியிருக்கிறது. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கிற கணக்கனை எந்தப் பண்ணைக்காரர் வேலைக்கு வைத்துக்கொள்வார்?

சுவாமியாரைப் பற்றியும் மெய்யே சொல்லவேண்டும். அவர் சைவரோடு சமயவாதம் செய்து நூல்கள் எழுதியவர். அந்நாளில் இரு பக்கத்திலும் அப்படித்தான் எழுதினார்கள். இன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், நாம் பிற சமயத்தாரோடு பேசும் முறை வேறு. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்தவர்கள் ஏற்கவும் இல்லை. 1938 முதல் ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’ என்ற பெரு நூலைப் பகுதி பகுதியாய் வெளியிட்டார். தமிழ் வேர்ச்சொற்களுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உறவு காட்ட அதில் முயன்றார். இன்றைய மொழிநூலார் பெரும்பாலும் அதற்கு இசைவதில்லை. அகராதியும் முடியவில்லை. ஆறு பகுதிகள் வெளிவந்த நிலையில் மரணம் குறுக்கிட்டது.

அப்படியானால் உழைப்பு வீணா? இல்லை. தாம் எந்த ஏட்டைப் பார்த்தார், எந்தக் காசை வைத்துச் சொன்னார் என்று எழுதி வைத்தார். ஆகையால்தான் பின்வந்தவர்கள் அவரைத் திருத்தவும் முடிந்தது. திருத்துவதற்கு இடங்கொடுத்து எழுதுகிறவன்தான் மெய்யை நேசிக்கிறவன்.

6. தீயில் போனதும் நின்றதும்

1981-ம் ஆண்டில் இலங்கை அரசு சுவாமி ஞானப்பிரகாசருடைய உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. அதே ஆண்டு மே 31-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும், மீண்டும் தேடினாலும் கிடைக்காத பழஞ்சுவடிகளும் சாம்பலாயின. ஞானப்பிரகாசரின் வழியில் தமிழ்ச் சொல்லாராய்ச்சி செய்துவந்த சங். தாவீது அடிகளார் என்ற முதிய குருவானவர், அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சி தாளாமல் உயிர்விட்டார்.

பிள்ளைகளே, ஒரு மனிதன் புத்தகம் எரிவதைப் பார்த்துச் சாவானா என்று கேட்காதீர்கள். அவருக்கு அவை வெறும் காகிதமல்ல. பேச வாயில்லாத முன்னோர் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்த இடம் அது. ஆனால் இதையும் கவனியுங்கள். ஞானப்பிரகாசர் ஏடுகளில் கண்டதைத் தம் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் அச்சிட்டுப் பல ஊருக்கும் அனுப்பியிருந்தார். அவை நின்றன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாய் இருப்பது ஒரு தீக்குச்சிக்கு இரை. பலர் கையில் இருப்பதுதான் தப்பும்.

7. நம் பக்கத்துக் காரியம்

இனி யாழ்ப்பாணத்தை விட்டு நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைக்கு வருவோம். நமக்குச் சரித்திரம் உண்டா? ஒரகடத்துக்கு அடுத்த வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கற்காலக் கருவிகளும் ரோம நாட்டுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. வாகனத் தொழிற்சாலைக்குப் பொருள் ஏற்றி லாரிகள் ஓடும் சாலைக்கு அருகே, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னே ஒருவன் உட்கார்ந்து கல்லைச் செதுக்கினான்!

பழைய காலம் போகட்டும். நேற்று நடந்தது நமக்கு ஞாபகமிருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தி தொடங்கி, 2014-ல் மூடப்பட்டது. எட்டே வருஷம். ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஊரைவிட்டு வந்து, விடுதியில் தங்கி, அங்கே வேலை செய்தார்கள். இன்று நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பாட்டி கதை மாதிரி இருக்கிறது. அந்த வரிசையில் நின்ற ஒரு தாயார் நம் பீடத்தின் முன்னே முழங்காலிலிருக்கலாம். அவளிடம் யாராவது கேட்டு எழுதினோமா?

சிப்காட்டுக்கு நிலம் போகுமுன் இங்கே ஒவ்வொரு கழனிக்கும் பெயர் இருந்தது. மதகுக்கும் கலங்கலுக்கும் பெயர் இருந்தது. இப்போது மனைக்கு எண் இருக்கிறது. பழைய பெயர் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு ஒருவராய்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களோ, தங்கள் பாட்டனார் எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே வாடகை வீடு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு கிராமத்தில், திருநாள் மலருக்குக் கோவில் சரித்திரம் எழுதினேன். பழைய கோவிலை வெள்ளைக்காரச் சுவாமியார் ஒருவர் கட்டினார் என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முன்னே யாரோ அப்படி எழுதியிருந்தார்கள், அதையே நானும் எழுதினேன். ஒருவரையும் விசாரிக்கவில்லை. திருநாள் முடிந்தபின் வயதான அம்மாள் ஒருத்தி என்னிடம் வந்து, “சாமி, சாமியார் பணம் கொடுத்தாரு, நெசந்தான். ஆனா செங்கல்லையும் தண்ணியையும் தலையிலே சுமந்தது எங்க ஆயாவும் அந்தத் தெருப் பொம்பளைங்களும். பகல்லே கழனி வேலை, ராத்திரி நெலா வெளிச்சத்துலே கோவில் வேலை. கட்டி முடிச்சதும் எங்களைக் கடைசியிலே உக்காரச் சொன்னாங்க. அது உங்க புஸ்தகத்துலே இல்லையே?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், நான் எழுதியது குறைவானது என்று சொல்லி, அவள் சொன்னதைச் சொன்னேன். கடைசியில் உட்காரச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய ஆயாவின் பெயரையும், மற்றப் பெண்களின் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமென்று நினைத்து, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அடுத்த மழைக்காலத்தில் அவளை அடக்கம் செய்தேன். பெயர்கள் அவளோடு போயின. சுமந்த கல் சுவரில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் சர்வேசுரனுடைய புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

“நாலு வீடு சந்திக்கலாமே” என்ற கேள்விக்கு இப்போது மறுமொழி தெரிகிறதா? சரித்திரம் தேடுவதென்றால் வீடு சந்திப்பதுதான். வயதானவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்பதுதான். ஞானப்பிரகாச சுவாமியாருக்கு ஆராய்ச்சி பொழுதுபோக்கல்ல. தம் மந்தையின் முன்னோர்களையும் தம் மந்தையாக எண்ணினார். அவ்வளவே.

8. இந்த வாரம் குடும்பத்தில் சிந்திக்க

முதலாவது: நம் பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி ஆகியோரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? எந்த ஊர், எந்தக் கோவில் என்று தெரியுமா?

இரண்டாவது: நம் குடும்பத்திலோ தெருவிலோ சொல்லக் கூசி மறைத்து வைத்த அநியாயம் உண்டா? அதை மறைப்பதால் பயனடைவது யார், நோகிறது யார்?

மூன்றாவது: கேட்டதைச் சோதியாமல் மற்றவரிடம் சொல்லும் வழக்கம், முக்கியமாய்க் கைப்பேசியில் வருவதை அப்படியே பலருக்கும் அனுப்பும் வழக்கம், நம்மிடம் உண்டா?

இவ்வாரக் காரியம்: ஞாயிறு மாலை செபமாலை முடிந்தபின், வீட்டிலே மூத்தவர் பேச, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். பெயர், ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோவில், செய்த வேலை, இவ்விடம் வந்த வருஷம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏரி, கழனி, மதகுகளின் பழைய பெயரையும் எழுதுங்கள். இன்னார் சொன்னது என்று சொன்னவர் பெயரையும், கேட்ட தேதியையும் மறவாமல் குறியுங்கள். நிச்சயமில்லாததை, நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஒரு பிரதியைக் கோவில் அலுவலகத்தில் கொடுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தின் பக்கத்தில் அதையும் பத்திரமாய் வைப்பேன். எழுதத் தெரியாத முதியவர் தனியே இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். நானே நோட்டோடு வருகிறேன். இம்முறை நாளைக்கு என்று தள்ளமாட்டேன்.

ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிற நல்ல ஆயனாகிய சேசுநாதர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக்குரு